பரண்மேல் உறங்கும் மிருதங்கம்



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியேறிய நம்மவர் தம்முடன் கொண்டு வந்த பொருள்களைக் கணக்கெடுத்தால் ஒரு சிறு பட்டியல் கிடைக்கும். குத்துவிளக்கு, இட்லிப் பானை, பாட்டியின் பித்தளைச் செம்பு, சுவாமி படம், நாலைந்து புத்தகங்கள். சில வீடுகளில் இவற்றோடு ஒரு மிருதங்கமும் வந்து சேர்ந்தது. மாலை வேளைகளில் அது சில ஆண்டுகள் பேசிற்று. பின்னர் வாசித்தவர் முதுமை எய்தினார். அல்லது மாற்றல் உத்தரவு வந்தது. அல்லது கற்கத் தொடங்கிய மகன் தேர்வுகளில் மூழ்கிப் பின்னர் வெளிநாடு சென்றுவிட்டான். மிருதங்கம் உறை மாட்டப்பெற்றுப் பரண் ஏறியது. அங்கே பழைய பெட்டிகளுக்கும் குளிர்காலக் கம்பளிகளுக்கும் நடுவே அது இன்றும் உறங்கிக்கொண்டிருக்கிறது.

அதே நகரில், அவ்வீட்டிலிருந்து நாலைந்து மைல் தொலைவில், ஒரு கோயில் மண்டபத்திலோ தமிழ்ச் சங்கத்தின் பின்னறையிலோ ஞாயிறுதோறும் ஒரு மிருதங்க வகுப்பு நடைபெறுகிறது. எட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். இரண்டு மிருதங்கங்கள் இருக்கும். இருவர் வாசிக்க, எஞ்சிய அறுவரும் தம் தொடையின்மீதோ பலகையின்மீதோ தட்டிக்கொண்டு தம் முறைக்காகக் காத்திருப்பார்கள். பரண்மேல் உறங்கும் கருவியையும் பலகையில் தட்டும் பிள்ளையையும் ஒன்று சேர்ப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று நாம் பேசவிருக்கிறோம்.

அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் எம்போன்றோருக்கு 'உபரி' என்ற சொல் மிகவும் பழக்கமானது. தேவை போக மிஞ்சிய இருப்புக்கு அப்பெயர். அலுவலகத்திலே உபரிப் பொருளைக் கண்டறிய ஆண்டுக்கொரு முறை சரிபார்ப்பு உண்டு. அதற்கெனப் பதிவேடும் உண்டு. வீட்டிலோ அப்படி எவரும் சரிபார்ப்பதில்லை. மூன்று மிருதங்கங்கள் வைத்திருக்கும் கலைஞர், தாம் ஒன்றைத்தான் வாசிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தந்தையின் மிருதங்கத்தைப் பாதுகாக்கும் மகன், அதைத் தொட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைக் கணக்கிடுவதில்லை. ஆகவே, கொடுக்க மனம் இல்லாமையைக் காட்டிலும், நினைவுக்கு வராமையே பெரிய தடையாக நிற்கிறது.

ஒரு கருவியைப் பல பிள்ளைகள் பகிர்ந்து கற்றால் போதாதா என்று கேட்கலாம். வாய்ப்பாட்டு வகுப்பிலே ஒரு சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு இருபது பிள்ளைகள் பாடலாம். ஏனெனில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கருவியைத் தொண்டையிலேயே கொண்டு வருகிறது. தாளக் கருவியின் நிலை வேறு. 'த தி தொம் நம்' என்னும் முதற்பாடத்தை வாயால் சொல்லக் கற்பது ஒரு நாள் வேலை. அதே சொற்கள் விரலில் இறங்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். வலந்தலையிலே மீட்டு எங்கே எழுகிறது, சாப்பு எங்கே ஒலிக்கிறது, எந்த விரலை எவ்வளவு நேரம் ஊன்றி எப்பொழுது எடுக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் விரலே தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். தவறாகத் தட்டினால் தோல் மறுத்துப் பேசும். சரியாகத் தட்டினால் இசைந்து பாடும். பலகை இரண்டையும் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் கருவியைத் தொட்டுவிட்டு, மற்ற ஆறு நாளும் பலகையில் பழகும் பிள்ளை, கருவி உள்ள பிள்ளையைவிடப் பின்தங்கிவிடுகிறது. பின்தங்கிய பிள்ளை மெல்ல மெல்ல வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறது. அப்பிள்ளைக்கு லய ஞானம் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அதற்கு இல்லாதிருந்தது மிருதங்கம் ஒன்றுதான்.

இதனால் விளையும் இழப்பு அப்பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946 ஆம் ஆண்டில் தோன்றியது. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950 இல் தோன்றியது. அன்றைய பம்பாயில் ஷண்முகானந்த சபை 1952 இல் தோன்றியது. இவற்றைப் போன்ற அமைப்புகளை எழுப்பியவர்கள் வசதி மிக்கவர்களாக இருந்தார்கள் என்பதற்கில்லை. எழுத்தர்களும் கணக்கர்களும் ஆசிரியர்களும் மாலையில் கூடி, மேடை அமைத்து, நிதி திரட்டி, நம் இசையை அயல் மண்ணில் ஊன்றினார்கள். அம்மேடைகளில் இன்று பாடுவதற்கு இளைஞர்கள் இருக்கிறார்கள். பல சிறிய ஊர்களிலோ பக்கவாத்தியத்துக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஒரு நவராத்திரிக் கச்சேரிக்கு மிருதங்கக்காரரைத் தொலைவூரிலிருந்து வருவிக்கும் செலவு, கச்சேரியையே கைவிடச் செய்கிற அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. பாடுவோர் இருந்தும் தாளம் சேர்ப்போர் இல்லையெனில், அடுத்த தலைமுறையில் மேடை மட்டுமே மிஞ்சும்.

கருவியைப் பத்திரமாக வைத்திருப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். பித்தளைச் செம்பைப் பத்தாண்டு பெட்டியில் வைத்தால், புளி போட்டுத் துலக்கியதும் அது பழைய நிலைக்கு வந்துவிடும். மிருதங்கம் அப்படிப்பட்டதன்று. பலா மரத்தைக் குடைந்து, இரு புறமும் தோல் போர்த்து, எருமைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டிய உயிர்ப்பொருள் அது. வலந்தலையின் நடுவில் உள்ள கரிய கரணை, நுண்ணிய கற்பொடியைச் சோற்றோடு பிசைந்து படலம் படலமாகத் தேய்த்து ஏற்றியது. தில்லியின் கோடைக் காற்றில் தோல் வறண்டு விறைக்கிறது. மரம் வெடிக்கவும் கூடும். மும்பையின் மழைக்காலத்தில் அதே தோல் ஈரம் குடித்துத் தளர்கிறது. கரணை பெயர்ந்து உதிர்கிறது. எலிக்குத் தோலும் வாரும் விருந்து; கரையானுக்கு மரம் விருந்து. நாள்தோறும் கை படும் கருவியில் ஒரு சிறு விரிசல் விழுந்தாலும் அன்றே தெரிந்துவிடும். பரணில் உள்ள கருவியின் நோய் முற்றிய பின்னரே தெரியவருகிறது. எனவே, கொடாமல் வைத்திருப்பதனால் நாம் எதையும் காத்துவிடுவதில்லை. அதன் ஆயுளைக் குறைக்கிறோம்.

கொடுப்பதென்று தீர்மானித்தபின் முதலில் அறிய வேண்டியது கருவியின் சுருதி. எல்லா மிருதங்கமும் எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் என்று இசைப் பழக்கம் இல்லாதவர்கள் நினைப்பதுண்டு. ஆண்குரல் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்குரல் ஐந்து கட்டையை ஒட்டியும் அமைகிறது. தாழ்ந்த சுருதிக்குரிய மிருதங்கம் நீளமாகவும் முகம் அகன்றும் இருக்கும். அதைத் தக்கு சுருதி மிருதங்கம் என்பார்கள். உயர்ந்த சுருதிக்குரியது அளவில் சிறியது. அது ஹெச்சு சுருதி மிருதங்கம். விளிம்பைக் கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டிச் சுருதியைச் சற்றே ஏற்றலாம், இறக்கலாம். ஐந்து கட்டைக் கருவியை ஒரு கட்டைக்கு இறக்குவதோ, ஒரு கட்டைக் கருவியை ஐந்துக்கு ஏற்றுவதோ இயலாத காரியம். வாசிப்பவர்களிடம் இரண்டு மூன்று மிருதங்கங்கள் இருப்பதற்கும், அவற்றுள் ஒன்றிரண்டு ஓய்ந்து கிடப்பதற்கும் இதுவே காரணம். ஆர்மோனியத்தையோ சுருதிப் பெட்டியையோ கைபேசியில் உள்ள சுருதிச் செயலியையோ துணைக்கொண்டு, உங்கள் கருவி எந்தச் சுருதியில் நிற்கிறது என்று தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பாருங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி வாரில் கட்டிவிடுங்கள். பெறும் ஆசிரியருக்கு இச்சிறு சீட்டு பெரிய உதவியாகும்.

அடுத்து, கருவியின் நிலை. உறையை நீக்கி, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மரக்கூட்டில் விரிசல் உண்டா? மேலெழுந்தவாரியான கீறல் பெரிதன்று. உள்வரை ஓடிய வெடிப்பு என்றால் அக்கருவி வகுப்புக்கு ஆகாது. ஓரிடத்தில் விரலால் அழுத்தும்போது மரம் பொடிந்தால் கரையான் புகுந்துவிட்டது என்று பொருள். மரம் உறுதியாக இருந்து, தோல் மட்டும் கிழிந்திருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. தோல்கள் எப்படியும் மாற்றப்பட வேண்டியவை. தோல்களைச் சாட்டையோடு பின்னி அமைத்த முகத்துக்கு மூட்டு என்று பெயர். நாள்தோறும் வாசிக்கும் கருவிக்குப் புது மூட்டு அவ்வப்போது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். நல்ல பலாக்கட்டையோ பல தலைமுறைக்கு நிற்கும். ஆகையால் மரத்தின் உறுதியே கருவியின் மதிப்பு என்று கொள்ளலாம்.

இங்கே கொடையாளர்கள் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. தோல் கிழிந்த மிருதங்கத்தை அப்படியே ஒரு வகுப்பின் வாசலில் இறக்கிவிட்டு வந்தால், நாம் கொடுத்தது கருவியா, செலவா? மூட்டு மாற்றப் பணம் இருந்தால் அவ்வகுப்பு முன்னரே ஒரு கருவி வாங்கியிருக்கும். நாம் கண்ட வரையில், நன்கொடையாக வந்த கருவிகள் சில, ஒரு வீட்டின் பரணிலிருந்து ஒரு சங்கத்தின் பரணுக்கு மாறியதோடு சரி. வாசிக்கும் நிலையில் கொடுப்பதே கொடை. யானையைக் கொடுத்தவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா? இயன்றவர்கள் மூட்டுக்கான பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கருவி இல்லாதவர்களும் இந்த அறத்தில் பங்கு கொள்ளலாம்: ஒருவர் மரத்தைக் கொடுத்தால் மற்றொருவர் தோலுக்குப் பணம் கொடுக்கட்டும்.

அப்பணம் போய்ச் சேரும் இடத்தையும் நாம் அறிந்திருத்தல் நலம். ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், எருமைத் தோல் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்து, பதப்படுத்தி, வெட்டி, பின்னி, கரணை ஏற்றிச் சுருதி காட்டும் கைவினைஞர்களின் உழைப்பில்லாமல் எந்த வித்துவானும் மேடை ஏறியதில்லை. பாலக்காடு மணி ஐயருக்கு (1912–1981) மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சைக் கைவினைஞர் பர்லாந்தின் பெயரை அறிந்த இரசிகர்கள் நம்மில் எத்தனை பேர்? இத்தகைய குடும்பங்களின் வரலாற்றை, டி. எம். கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர், தோலைத் தொடுபவர் என்பதனாலேயே நெடுங்காலம் தள்ளி நிறுத்தப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர்கள். ஒரு மூட்டுக்கு நாம் கொடுக்கும் பணம் அவர்களுக்குரிய கூலி. அதில் பேரம் பேசுவது கொடைக்கு அழகாகாது. வடநாட்டு நகரங்களில் தபேலா செய்யும் கைவினைஞர்கள் வாரை இழுத்துக் கட்டித் தரக்கூடும். மிருதங்க வலந்தலையின் அமைப்பு தபேலாவினின்றும் வேறானதால், மூட்டை மட்டும் அதை அறிந்தவரிடமே செய்விக்க வேண்டும். ஊருக்குச் செல்லும் அன்பர் ஒருவர் இரண்டு கருவிகளை எடுத்துச் சென்று சீர்செய்து கொண்டு வந்தால், அப்பயணமே ஒரு தொண்டாகும்.

எந்தப் பிள்ளைக்கு எந்தக் கருவி என்பதையும் கருத வேண்டும். பலாமர மிருதங்கம் பத்துக் கிலோவுக்கு மேல் கனப்பதுண்டு. எட்டு வயதுச் சிறுவனின் மடியில் பெரிய தக்கு சுருதி மிருதங்கத்தை வைத்தால் அவன் கை இரு முகங்களையும் எட்டாது. சிறிய ஹெச்சு சுருதிக் கருவியே அவனுக்கு உகந்தது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குத் தனிக் கருவி தேவையில்லை. கருவியைத் திருப்பி வைத்தால் போதும். மாமேதை பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையால் வாசித்தவரே. பெண்பிள்ளைகளுக்கு எதற்கு மிருதங்கம் என்று கேட்போர் இன்னும் சிலர் உண்டு. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், பெண்கள் மேடையில் மிருதங்கம் ஏந்துவது மிக அரிதாயிருந்த இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அதை வாசித்துப் புகழ் பெற்றவர். கருவியைக் கொடுக்கும்போது ஆண்பிள்ளைக்கே என்று நிபந்தனை விதிப்பது அவ்வரலாற்றை அறியாமையாகும். கண்ணாடி இழைக் கூடும், திருகாணிகளும், செயற்கைத் தோலும் கொண்ட மிருதங்கங்களும் இப்பொழுது வந்துள்ளன. அவற்றின் நாதத்தைப் பற்றி வித்துவான்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவை எடை குறைந்தவை. வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாதவை. தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றவை. அத்தகையதொன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் கொடுக்கலாம்.

மிருதங்கத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம், மற்றக் கருவிகளையும் மறக்கலாகாது. கடத்தின் சுருதி சூளையிலேயே பெரும்பாலும் நிலைபெற்றுவிடுகிறது. மானாமதுரைக் கடம் ஒன்று உங்களிடம் இருந்தால், விரிசல் இல்லாததாயின், சுருதியைக் குறித்து, வைக்கோலும் துணியும் சுற்றிக் கொடுங்கள். தவில் இருந்தால், பூவரசங் குச்சியையும் விரற்கூடுகளையும் சேர்த்தே கொடுங்கள். அவை இல்லாமல் தவில் ஊமை. வேப்பமரச் சட்டத்தில் அமைந்த பறையை இன்று வெளி மாநில நகரங்களிலும் இளைஞர்கள் ஆர்வத்துடன் பயில்கிறார்கள். இழிவென்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட அக்கருவி இன்று பெருமிதத்துடன் ஒலிக்கிறது. அதையும் அதன் இரு குச்சிகளையும் நம் பட்டியலில் சேர்ப்போம். கஞ்சிராவைப் பொறுத்தமட்டில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய கஞ்சிராக்களில் உடும்புத் தோல் போர்த்தப்பட்டிருக்கும். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளது. அதன் தோலாலான பொருளைக் கைமாற்றுவது சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆதலால் உடும்புத் தோல் கஞ்சிராவை எந்த வகுப்புக்கும் கொடுக்க வேண்டாம். ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ போர்த்த கஞ்சிராவைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.

இனி, எவரிடம் கொடுப்பது? சங்கத்தின் பெயர்ப் பலகை பெரியதா என்று பார்ப்பதைவிட, அங்கே ஆசிரியர் ஒருவர் ஒழுங்காக வருகிறாரா என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நேரத்தில் சென்று அரை மணி நேரம் அமர்ந்திருந்தால் வேண்டியது தெரிந்துவிடும். கருவிகளை ஈரமும் எலியும் அணுகாத இடத்தில் வைக்கிறார்களா, வாசித்து முடிந்ததும் தொப்பியில் ஒட்டிய ரவையைச் சுரண்டித் துடைக்கிறார்களா என்று கவனியுங்கள். இவ்விரண்டும் உள்ள இடம் சிறிய பஜனை மடமேயாயினும் தக்க இடமே.

அவ்வாறு சேரும் கருவிகளை, நூலகத்திலிருந்து நூல் வழங்குவது போலப் பிள்ளைகளின் வீட்டுக்கு வழங்கும் முறை சாலச் சிறந்தது. எங்கள் பகுதியில் நண்பர்கள் சிலர் கூடி இம்முறையைக் கையாண்டு வருகிறோம். ஒரே ஒரு பதிவேடு. அதில் கருவியின் எண், வகை, சுருதி, பெறும்போது இருந்த நிலை, மூட்டு மாற்றிய நாள், இப்போது வைத்திருக்கும் பிள்ளையின் பெயர், திரும்ப வேண்டிய நாள் ஆகிய ஏழு கட்டங்கள். ஓராண்டுக்கு ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிறோம். பயிற்சி தொடர்ந்தால் மேலும் ஓராண்டு. சொந்தக் கருவி வாங்கிக்கொண்டாலும், தந்தைக்கு மாற்றல் வந்து ஊர் பெயர்ந்தாலும், ஆர்வம் குன்றினாலும் கருவி திரும்பி வந்து அடுத்த பிள்ளையிடம் செல்கிறது. முன்பணம் வாங்குவதில்லை, முன்பணம் கட்ட இயன்றவர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு இதுவன்று. பிள்ளையின் கையில் தோல் கிழிந்தால் அபராதமும் இல்லை. வாசிக்காத தோலும் கிழியத்தான் செய்யும். வாசித்துக் கிழிந்தது மேலானது. இந்தக் கவலை நீங்கினாலன்றி ஏழை வீட்டுப் பெற்றோர் கருவியைத் தொடவிட மாட்டார்கள்.

நடுவண் அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 10 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கலைத்திறன் உதவித்தொகை வழங்கிவருகிறது. அத்தேர்வுக்குச் செல்லும் பிள்ளை முன்னரே ஓரளவு வாசிக்கக் கற்றிருக்க வேண்டும் அல்லவா? கருவியே இல்லாத பிள்ளை அந்த வாசல் வரை எப்படிச் செல்லும்? அரசு திறக்கும் கதவுக்கு முன்னால் உள்ள படிக்கட்டை நாம்தான் அமைக்க வேண்டியிருக்கிறது.

கொடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். விழா எடுத்து, மாலை சூட்டி, பெறும் பிள்ளையை மேடையில் நிறுத்திப் படம் பிடித்து, கருவியின் மீது கொட்டை எழுத்தில் கொடையாளர் பெயரைத் தீட்டுவது நம்மிடையே பரவிவரும் வழக்கம். பெயர் பதிவேட்டில் இருக்கட்டும். பிள்ளையின் மடியில் இருக்கும்போது அது அப்பிள்ளையின் மிருதங்கமாக இருக்கட்டும். வகுப்பில் எவனுடைய கருவி இரவல் என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லை.

கொடுக்க மனம் வராத வீடுகளும் உண்டு; அம்மனத்தை நாம் மதிக்க வேண்டும். கணவர் நாற்பது ஆண்டுகள் வாசித்த மிருதங்கத்தைப் பூசை அறையில் வைத்து, வெள்ளிதோறும் சந்தனமும் குங்குமமும் இடும் மூதாட்டியிடம் சென்று, இது வீணாகக் கிடக்கிறதே என்று எவரும் சொல்லத் துணியலாகாது. அவருக்கு அது வீணன்று. எங்கள் நண்பர் குழு அறிந்த அத்தகைய அம்மையார் ஒருவர் கருவியைக் கொடுக்க இரண்டு ஆண்டுகள் இசையவில்லை. எவரும் வற்புறுத்தவும் இல்லை. வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்கே சென்று அதில் பயிற்சி செய்ய அவர் இசைவு தந்தார். மிருதங்கம் அவ்வீட்டிலேயே இருக்கிறது. வாரம் ஒரு மாலை அது பேசுகிறது. இதுவும் ஒருவகைக் கொடையே என்று எங்கள் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுந்தானா என்ற கேள்வியும் எழுகிறது. நமக்கு இடம் கொடுத்த ஊரின் பிள்ளைகள், பஞ்சாபியரும் வங்காளியரும் மராட்டியரும், நம் மிருதங்கத்தைக் கற்க வந்து அமர்ந்தால் அதைவிட நமக்குப் பெருமை வேறென்ன வேண்டும்? தாளத்துக்குத் தாய்மொழி கேட்கும் வழக்கம் இல்லை. மும்பைத் தாராவியிலே, குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் வண்ணப்பூச்சு டப்பாக்களையும் எறியப்பட்ட புட்டிகளையும் தாளக் கருவிகளாக்கி ஓர் இசைக் குழுவையே அமைத்துக் காட்டினார்கள். டப்பாவிலிருந்து அவ்வளவு எழுப்பிய விரல்களுக்கு ஒரு நல்ல தோற்கருவி கிடைத்தால் என்ன எழுப்பும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நம் நகரங்களின் ஓரங்களில் அத்தகைய விரல்கள் எத்தனையோ உள்ளன. அவற்றுள் சில நம் வீட்டில் வேலை செய்யும் பெண்மணியின் பிள்ளைகளுடையவையாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே, நேயர்களே, வரும் விடுமுறை நாளில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பரணை எட்டிப் பாருங்கள். மிருதங்கம் இருந்தால் கீழே இறக்குங்கள். உலர்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள்; ஈரத்துணி வேண்டாம். நிழலில் காற்றாட வையுங்கள்; வெயிலில் வைக்க வேண்டாம். மரத்தைப் பாருங்கள், தோலைப் பாருங்கள், சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்புவதாயின் இரு முகங்களுக்கும் அட்டை வைத்து, பழைய போர்வை சுற்றி, எவரேனும் உடன் எடுத்துச் செல்லுமாறு அனுப்புங்கள். அதை வாசித்தவர் உங்கள் தந்தையோ மாமாவோ ஆயின், அவர் யாரிடம் கற்றார், எதை விரும்பி வாசித்தார் என்று நாலு வரி எழுதி உறைக்குள் வையுங்கள். அதைப் பெறும் பிள்ளை அவ்வரிகளைப் படிக்கும்; ஒருவர் கை பட்டுத் தேய்ந்த இடத்தில் தன் விரலை வைக்கிறோம் என்பதை உணரும்.